எச்பிவி என்பது ஒரே வைரஸ் இல்லை

கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றிய பேச்சு இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது. நல்லதுதான். மகளிர் மருத்துவரிடம் போனால், இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி என்ற வைரஸுக்கான டெஸ்ட் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார்கள். பெண்பிள்ளை வைத்திருப்பவர்கள் ஊசி போடலாமா வேண்டாமா என்று விசாரிக்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு காணொளியை அனுப்பிவைக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பேச்சில் மூன்று தவறான எண்ணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எச்பிவி வந்தாலே புற்றுநோய் வந்த மாதிரிதான் என்பது ஒன்று. கொரோனா போல இதுவும் உருமாறிக்கொண்டே இருக்கும், இன்றைக்குப் போட்ட ஊசி நாளைக்கு உதவாது என்பது இன்னொன்று. எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை, அதனால் எனக்கு வராது என்பது மூன்றாவது. மூன்றாவதுதான் மிகவும் ஆபத்தானது. அதை நம்பிப் பரிசோதனைக்கே போகாத பெண்கள் நிறையப் பேர்.

2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, அந்த ஒரே ஆண்டில் உலகில் ஏறத்தாழ 6,60,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்தது. ஏறத்தாழ 3,50,000 பேர் இறந்தார்கள். இந்தியாவில் மட்டும் சுமார் 1,27,000 பேருக்கு நோய், சுமார் 80,000 மரணங்கள். தடுக்கக்கூடிய, முன்கூட்டியே கண்டுபிடிக்கக்கூடிய ஒரு நோய்க்கு இது மிகப் பெரிய எண்ணிக்கை. அதனால் இந்த வைரஸின் மரபணுவில் எது மாறுகிறது, எது மாறுவதில்லை, அதற்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு என்பதை அடிப்படையிலிருந்து பார்த்துவிடலாம்.

## எட்டாயிரம் எழுத்துகூட இல்லை

எச்பிவி என்பது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்பதன் சுருக்கம். தோலிலும், வாய், தொண்டை, பிறப்புறுப்பு போன்ற இடங்களின் ஈரமான மேல்படலத்திலும் வாழும் வைரஸ் இது. நெருக்கமான தொடுதலில், பெரும்பாலும் உடலுறவில், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. உடலுறவு வாழ்க்கை உள்ள ஆண், பெண் இருபாலரிலும் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்து போகிறது. யாருடைய ஒழுக்கத்துக்கும் இது சான்று அல்ல.

இனி டிஎன்ஏ. எந்தெந்தப் புரதத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு, நான்கே வகை வேதி எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கும் நீண்ட மூலக்கூறு அது. அதில் ஒரு புரதத்துக்கான பகுதியை மரபணு என்கிறோம். நம் உயிரணு ஒவ்வொன்றிலும் தாய்வழியில் ஒரு படி, தந்தைவழியில் ஒரு படி என்று இருக்கிறது. ஒரு படியில் சுமார் 300 கோடி எழுத்துகள். எச்பிவியின் டிஎன்ஏவில் மொத்தமே சுமார் 7,900 எழுத்துகள், வளையம்போல மூடிய வடிவில்.

அந்தச் சிறிய வளையத்தில் மரபணுக்கள் எட்டுதான். வைரஸ் நுழைந்ததும் முதலில் வேலை செய்பவற்றுக்கு ஈ என்ற எழுத்தும், கடைசியில் வைரஸின் மேலோட்டைக் கட்டும்போது வேலை செய்பவற்றுக்கு எல் என்ற எழுத்தும் கொடுத்து எண்ணிட்டிருக்கிறார்கள். இந்தக் கட்டுரைக்கு நான்கு பெயர் தெரிந்தால் போதும். எல்1 மேலோட்டுக்கான மரபணு. ஈ6, ஈ7 இரண்டும் புற்றுநோயோடு நேரடித் தொடர்புள்ளவை. அந்த இரண்டும் அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது ஈ2.

## ஓலைச்சுவடிகளும் பாடபேதமும்

அச்சு வருவதற்கு முன்னால் நம் நூல்கள் ஓலையில் இருந்தன. ஓலை செல்லரிக்கும், ஒடியும். அதனால் பழைய சுவடியைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதிக்கொண்டே வந்தார்கள். எழுதும்போது எங்காவது ஓரெழுத்து மாறிவிடும். மாறியதைப் பார்த்து எழுதுகிற அடுத்தவரும் அதையே எழுதுவார். இப்படி ஒரு வட்டாரத்துச் சுவடிகளில் எல்லாம் ஒரு பாடம் இருக்கும், வேறொரு வட்டாரத்துச் சுவடிகளில் வேறு பாடம் இருக்கும். பதிப்பாசிரியர்கள் இந்தப் பாடபேதங்களை வைத்துத்தான் எந்தச் சுவடி எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று கண்டுபிடித்தார்கள். எச்பிவியின் மாறுபாடுகளையும் இதே முறையில்தான் வரிசைப்படுத்துகிறார்கள். அதில் மூன்று அடுக்கு இருக்கிறது.

முதல் அடுக்கு, நூலே வேறு. எச்பிவி என்ற பெயருக்குள் 200-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. எல்1 மரபணுவின் எழுத்துகளில் 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் அது தனி வகை, அதற்கென்று ஓர் எண். எச்பிவி 6, எச்பிவி 11, எச்பிவி 16, எச்பிவி 18 என்று சொல்வது இதைத்தான். எண் பெரிதாக இருந்தால் ஆபத்து அதிகம் என்று பயப்பட வேண்டாம். அது கண்டுபிடித்துப் பதிவு செய்த வரிசை, அவ்வளவுதான்.

இரண்டாவது அடுக்கு, ஒரே நூலின் வட்டாரப் பாடங்கள். ஒரே வகைக்குள் முழு டிஎன்ஏவையும் ஒப்பிடும்போது 1 முதல் 10 சதவீதம் வரை வேறுபாடு இருந்தால் அவற்றைத் தனித்தனிக் கிளைகள் என்கிறார்கள். எச்பிவி 16-இல் ஏ, பி, சி, டி என்று நான்கு கிளைகள். 0.5 முதல் 1 சதவீதம் என்றால் உட்கிளை.

மூன்றாவது அடுக்கு, ஒரே வட்டாரத்துச் சுவடிகளுக்குள்ளேயே இருக்கும் ஓரெழுத்து, ஈரெழுத்து வித்தியாசம். இதை எழுத்து மாற்றம் என்று வைத்துக்கொள்வோம்.

ஆக, எச்பிவி மாறுபடுகிறது என்று யாராவது சொன்னால், வகையா, கிளையா, எழுத்து மாற்றமா என்று முதலில் கேட்க வேண்டும். புற்றுநோய் ஆபத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் வகைகளுக்கு இடையில்தான் இருக்கிறது. கிளைகளுக்கு இடையில் இருப்பது அதற்கு அடுத்தது. எழுத்து மாற்றத்தின் கதை யாரும் எதிர்பார்க்காதது, அதைப் பிறகு பார்ப்போம்.

## கொரோனா மாதிரி இல்லை

கொரோனா, இன்ஃப்ளுயன்சா போன்றவற்றின் மரபுப்பொருள் ஆர்என்ஏ. அதைப் படியெடுக்கும் கருவியை அந்த வைரஸ்களே கொண்டுவருகின்றன, அதில் பிழைகள் அதிகம். எச்பிவியிடம் சொந்தமாகப் படியெடுக்கும் கருவியே கிடையாது. நம் உயிரணு தன் டிஎன்ஏவைப் படியெடுக்க வைத்திருக்கும் அதே கருவியைத்தான் அது பயன்படுத்திக்கொள்கிறது. அந்தக் கருவி எழுதியதைத் திரும்பப் பார்த்துத் திருத்தும் திறன் கொண்டது. அதனால் எச்பிவியில் மாற்றங்கள் மிக மிக மெதுவாகவே சேர்கின்றன.

எவ்வளவு மெதுவாக? எச்பிவி 16-இன் ஏ கிளையும் மற்றக் கிளைகளும் பிரிந்து சில லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அதாவது நம் முன்னோர்களும் நியாண்டர்தால் மனிதர்களும் தனித்தனியாக வாழ்ந்துகொண்டிருந்த காலம். ஆப்பிரிக்காவை விட்டு வெளியே வந்த நம் முன்னோர்கள் ஏ கிளையை நியாண்டர்தால்களிடமிருந்தே வாங்கியிருக்கலாம் என்று ஒரு கருத்தும் இருக்கிறது. கருத்துதான், முடிந்த முடிவு அல்ல. ஆனாலும் இந்த வைரஸ் எவ்வளவு பழைய துணை என்பதை இது காட்டுகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. வைரஸின் டிஎன்ஏவில் காணப்படும் எழுத்து மாற்றங்கள் எல்லாமே படியெடுத்ததில் வந்த பிழைகள் அல்ல. அபோபெக் என்ற பெயரில் நம் உயிரணுவுக்குள் சில நொதிகள் இருக்கின்றன. உள்ளே நுழைந்த வைரஸின் டிஎன்ஏவில் குறிப்பிட்ட எழுத்துகளைத் திரித்துவிடுவது அவற்றின் வேலை. எச்பிவி 16-இல் இந்த நொதிகள் திரித்த தடயம் அதிகமாக இருப்பது, உடம்பு அந்தத் தொற்றை விரட்டிவிடுவதோடு சேர்ந்து காணப்படுகிறது. மாற்றம் என்றாலே வைரஸுக்கு வலு கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. பல சமயம் நம் உடம்பு அடித்த அடியின் தழும்பு அது.

## தொற்றிலிருந்து புற்றுநோய் வரை

கருப்பையின் அடிப்பகுதி குறுகி யோனிக்குள் திறக்கும் இடம்தான் கருப்பைவாய். அங்கே ஒருவகை மேல்படலம் முடிந்து இன்னொரு வகை தொடங்கும் ஓர் எல்லை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சிறு சிராய்ப்பு வழியாக வைரஸ் அந்தப் படலத்தின் அடி அடுக்கு உயிரணுக்களில் போய்ச் சேருகிறது.

அடி அடுக்கு உயிரணு பிரிந்து, மேலே நகர்ந்து, முதிர்ந்து, கடைசியில் உதிர்ந்துவிடும். மேலே நகரத் தொடங்கியதும் அது பிரிவதை நிறுத்திவிடும், படியெடுக்கும் கருவியையும் அணைத்துவிடும். வைரஸுக்கோ அந்தக் கருவி வேண்டும். எனவே ஈ6, ஈ7 என்ற இரண்டு மரபணுக்களின் புரதங்களைக் கொண்டு, நிற்க வேண்டிய உயிரணுவை நிற்கவிடாமல் செய்கிறது.

ஈ7 செய்வது இது. ஆர்பி என்று ஒரு புரதம் நம் உயிரணுவில் இருக்கிறது. தேவையில்லாதபோது உயிரணு பிரியாமல் பிடித்து வைப்பது அதன் பொறுப்பு. ஈ7 அதைப் பற்றிக்கொண்டு செயலிழக்க வைக்கிறது. உடனே உயிரணு பிரியத் தொடங்குகிறது. இப்படித் தாறுமாறாகப் பிரிந்தால், பி53 என்ற இன்னொரு புரதம் அதை உணர்ந்து அந்த உயிரணுவைச் சாகவைக்க வேண்டும். ஈ6 அந்த பி53-ஐ உயிரணுவின் கழிவு நீக்கும் அமைப்பிடம் மாட்டிவிட்டு அழித்துவிடுகிறது. பிடித்து வைப்பதும் போயிற்று, சாகவைப்பதும் போயிற்று.

பெரும்பாலோருக்கு இது இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். பத்தில் ஒன்பது தொற்றுகளை ஓரிரு ஆண்டுகளில் உடம்பே விரட்டிவிடுகிறது. எந்த அறிகுறியும் இருக்காது, வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. மீதமுள்ள சிலரிடம் ஆபத்தான வகை ஒன்று ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும்போதுதான் பிரச்சினை. ஈ6-ம் ஈ7-ம் தொடர்ந்து வேலை செய்யச் செய்ய, நம் டிஎன்ஏவில் ஏற்படும் சேதங்கள் சரிசெய்யப்படாமல் சேருகின்றன. பல சமயம் வைரஸின் வளையம் உடைந்து நம் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிக்கொள்கிறது. அப்படி உடையும்போது ஈ2 மரபணு சிதைந்துபோவது வழக்கம். கட்டுப்படுத்த ஆளில்லாமல் ஈ6, ஈ7 அளவுக்கு மீறிப் பெருகுகின்றன.

தொற்றிலிருந்து புற்றுநோய் வரை இந்தப் பயணத்துக்குச் சாதாரண எதிர்ப்புச் சக்தி உள்ள பெண்களில் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களில், உதாரணமாக எச்ஐவிக்குச் சிகிச்சை எடுக்காதவர்களில், 5 முதல் 10 ஆண்டுகளிலேயே நடந்துவிடலாம். பரிசோதனை செய்து முன்னதாகவே பிடித்துவிட நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம் இதுதான்.

சுருக்கமாக: தொற்று வருவது சகஜம், தங்குவது அபூர்வம். தங்கினாலும் புற்றுநோயாக மாறப் பல ஆண்டுகள் வேண்டும். மாற்றுவது ஈ6-ம் ஈ7-ம்.

## 6-க்கும் 16-க்கும் என்ன வித்தியாசம்

ஈ6, ஈ7 எல்லா வகையிலும் இருக்கிறதே, பிறகு ஏன் சில வகைகள் மட்டும் புற்றுநோய் வரை போகின்றன? நியாயமான கேள்வி.

எச்பிவி 6-ஐயும் 11-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புறுப்பில் வரும் மருக்களில் ஏறத்தாழ 90 சதவீதம் இந்த இரண்டாலும் வருபவை. தொல்லை தருபவைதான், ஆனால் கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கொண்டுவருவதில்லை. எச்பிவி 6-இன் ஈ6 புரதம் பி53-ஐ அழிப்பதில்லை. அதன் ஈ7 ஆர்பியைப் பற்றுகிறது, ஆனால் 16-இன் ஈ7 பற்றுவதைவிட மிகவும் தளர்வாக.

அந்தத் தளர்வுக்கு என்ன காரணம் என்று தேடியபோது கிடைத்த விடை எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. புரதங்கள் அமினோ அமிலங்கள் என்ற துண்டுகள் கோர்த்தவை. 16-இன் ஈ7 புரதத்தில் அப்படி 98 துண்டுகள். ஆர்பியைப் பற்றும் பகுதிக்கு ஒட்டினாற்போல, 21-ஆவது இடத்தில், அஸ்பார்டிக் அமிலம் இருக்கிறது. 6-இன் ஈ7-இல் அதற்கு நேரான இடத்தில் கிளைசின். ஆய்வகத்தில் அந்தக் கிளைசினை எடுத்துவிட்டு அஸ்பார்டிக் அமிலத்தை வைத்துப் பார்த்தார்கள். சாதுவான வகையின் ஈ7 ஆபத்தான வகையினுடையதைப் போல ஆர்பியை இறுக்கமாகப் பற்றத் தொடங்கியது. ஒரு துண்டு!

இந்த ஆபத்தான வகைகளை முதலில் அடையாளம் காட்டியவர் ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசன். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வேறொரு வைரஸ் காரணம் என்று பலரும் நம்பிய 1970-களில் எச்பிவிதான் காரணமாக இருக்க வேண்டும் என்று சொன்னார். 1983-இல் 16-ஐயும் அடுத்த ஆண்டு 18-ஐயும் அவருடைய குழு புற்றுநோய்த் திசுவிலிருந்து பிரித்தெடுத்தது. 2008-இல் நோபல் பரிசு பெற்றார். இன்று புற்றுநோயை உண்டாக்குபவை என்று உறுதியான பட்டியலில் இருப்பவை 12 வகைகள்: 16, 18, 31, 33, 35, 39, 45, 51, 52, 56, 58, 59. உலகில் நிகழும் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 இரண்டு மட்டுமே காரணம். அதிலும் 16 தனியாகவே பாதிக்கு மேல்.

## கிளைகளுக்கு இடையிலும் வித்தியாசம் உண்டு

அடுத்து, 16 என்ற ஒரே வகைக்குள் இருக்கும் ஏ, பி, சி, டி கிளைகள். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஏ கிளையே மிகுதி. அதன் ஓர் உட்கிளை கிழக்கு ஆசியாவுக்கே உரியது. பி-யும் சி-யும் ஆப்பிரிக்காவில் அதிகம். டி கிளை வட, தென் அமெரிக்கக் கண்டங்களில் கணிசமாகக் காணப்படுகிறது. இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் பெரும்பாலும் கிடைப்பது ஏ கிளைதான்.

அமெரிக்காவின் வட கலிஃபோர்னியாவில் ஆயிரக்கணக்கான பெண்களின் மாதிரிகளை முழுதாகப் படித்துப் பார்த்த ஆய்வுகளில், டி கிளையின் சில உட்கிளைகள் தொற்றியவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து ஏ கிளையைவிடப் பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது. குறிப்பாக, கருப்பைவாயின் உட்குழாயில் இருக்கும் சுரப்பி உயிரணுக்களில் தொடங்கும் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றுநோயில் இந்த வித்தியாசம் மிகத் தெளிவாக இருந்தது. இது முக்கியமான தகவல். ஏனென்றால் அந்த வகைப் புற்றுநோய் உள்ளே மறைவாகத் தொடங்குவதால், உயிரணுக்களைச் சுரண்டி எடுத்து நுண்நோக்கியில் பார்க்கும் பாப் பரிசோதனையில் தப்பிவிட வாய்ப்பு அதிகம்.

ஆனால் கிளையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. 16-இன் ஈ6 மரபணுவில் 350 என்று எண்ணிட்ட இடத்தில் ஓரெழுத்து மாற்றம் பல நாடுகளில் காணப்படுகிறது. அதனால் ஈ6 புரதத்தின் 83-ஆவது துண்டு லூசினிலிருந்து வேலினாக மாறுகிறது. சில நாட்டு ஆய்வுகளில் இந்த மாற்றம் உள்ள தொற்று நெடுநாள் தங்குவதாகத் தெரிந்தது, வேறு நாடுகளில் அப்படி எதுவும் தெரியவில்லை. வைரஸ் ஒன்றுதான், அது தங்கியிருக்கும் மனிதர்களின் எதிர்ப்பு அமைப்பு வேறு வேறு என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

எச்பிவி 35 இன்னோர் எடுத்துக்காட்டு. உலக அளவில் பார்த்தால் இது சிறிய பங்குதான். ஆனால் ஆப்பிரிக்காவிலும், ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களிடமும் இதன் பங்கு கூடுகிறது. கிழக்கு ஆசியாவில் 52, 58 வகைகள் அதிகம். எந்த ஊரில் எந்த வகை, எந்தக் கிளை என்று தேடிப் பார்ப்பது வெறும் ஆராய்ச்சி ஆர்வம் அல்ல. தடுப்பூசியில் எந்தெந்த வகை இருக்க வேண்டும் என்பதையே அதுதான் முடிவு செய்கிறது.

## மாறாமல் இருப்பதே ஆபத்து

இப்போது எழுத்து மாற்றம். உருமாறிய வைரஸ்தான் ஆபத்தானது என்பது கொரோனா காலத்துக்குப் பிறகு எல்லோர் மனதிலும் பதிந்துவிட்ட எண்ணம். எச்பிவி 16-இல் கிடைத்த விடை இதற்கு நேர்மாறு.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017-இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். எச்பிவி 16 தொற்றிய 5,570 பெண்களின் மாதிரிகளிலிருந்து வைரஸின் டிஎன்ஏவை முழுதாகப் படித்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான வெவ்வேறு எழுத்து வரிசைகள் கிடைத்தன. 16 என்று ஒரே எண்ணில் சொல்கிறோமே தவிர, பெரும்பாலான பெண்களிடம் இருந்தது இன்னொருவரிடம் இல்லாத தனி வரிசை.

அடுத்து, புற்றுநோயோ அதற்கு முந்தைய கட்டமோ வந்தவர்களின் வைரஸையும், தொற்று இருந்தும் நோய் வராதவர்களின் வைரஸையும் மரபணு மரபணுவாக ஒப்பிட்டார்கள். ஈ7-இல்தான் விஷயம் இருந்தது. நோய் வராத பெண்களின் வைரஸில் ஈ7-இன் புரதத்தை மாற்றும் எழுத்து மாற்றங்கள் அங்கங்கே காணப்பட்டன. புற்றுநோய் வந்தவர்களின் வைரஸில் அவை மிக மிக அரிது. ஈ7 எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்த வைரஸ்கள்தான் புற்றுநோய் வரை போயிருந்தன. உலகின் பல பகுதிகளிலிருந்து எடுத்த புற்றுநோய் மாதிரிகளிலும் இதே நிலைதான்.

புற்றுநோயை உண்டாக்கத்தான் வைரஸ் ஈ7-ஐக் காப்பாற்றி வைக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. புற்றுநோயால் வைரஸுக்கு ஒரு பயனும் இல்லை. நம் டிஎன்ஏவில் செருகிக்கொண்ட பிறகு அது புதிய வைரஸ்களை உண்டாக்கி வெளியே அனுப்ப முடியாது, அதன் வழி அங்கே முடிந்துபோகிறது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: ஈ7 கொஞ்சம் பழுதானாலும் தொற்று நடக்கலாம், ஆனால் அந்தத் தொற்று புற்றுநோயாக முற்றுவது மிகவும் அரிது.

ஈ7 இவ்வளவு அவசியம் என்பதற்கு ஆய்வகத்தில் இன்னொரு சான்றும் இருக்கிறது. 1951-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லேக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றுநோயிலிருந்து, அவர் அனுமதி கேட்காமலே எடுக்கப்பட்ட உயிரணுக்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்குள் இருப்பது எச்பிவி 18-இன் டிஎன்ஏ. ஈ6-ம் ஈ7-ம் அதில் இன்னும் வேலை செய்கின்றன. சிதைந்துபோன ஈ2-வை வெளியிலிருந்து கொடுத்து அந்த இரண்டையும் அணைத்தால், பல பத்தாண்டுகளாக நிற்காமல் பிரிந்த அந்த உயிரணுக்கள் பிரிவதை நிறுத்திவிடுகின்றன. வந்துவிட்ட புற்றுநோய்க்கு மருந்து தேடுபவர்கள் ஈ6, ஈ7 இரண்டையும் குறிவைப்பது இதனால்தான். மாறாத இலக்கு என்பது மருந்து தேடுபவருக்கு நல்ல செய்தி.

## அம்மாவுக்கு இல்லை, எனக்கு வருமா?

இதுவரை பார்த்த மரபணு மாறுபாடு எல்லாம் வைரஸினுடையது, நம்முடையது அல்ல. கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ எல்லாமே எச்பிவி தொற்றால் வருகிறது, தொற்று வம்சத்தில் இறங்குவதில்லை. நம் மரபணுக்களுக்குச் சிறிய பங்கு உண்டு. வைரஸை அடையாளம் காட்டும் எச்எல்ஏ என்ற மரபணுக் குழு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது, அதனால் சிலரின் உடம்பு தொற்றைச் சீக்கிரம் விரட்டுகிறது, சிலருடையது தடுமாறுகிறது. ஆனாலும் அம்மாவுக்கும் பாட்டிக்கும் இல்லை என்பதை வைத்து ஒருவர் பரிசோதனையைத் தவிர்க்க முடியாது. தவிர்க்கவே கூடாது.

## ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

எச்பிவி டிஎன்ஏ பரிசோதனையின் அறிக்கையில் பெரும்பாலும் மூன்று வரி இருக்கும். எச்பிவி 16 உண்டா இல்லையா, எச்பிவி 18 உண்டா இல்லையா, மற்ற ஆபத்தான வகைகளில் ஏதாவது உண்டா இல்லையா. மூன்றாவது வரி பல வகைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது, அதில் எது என்று தனியாகச் சொல்லாது. 6, 11 போன்றவற்றை இந்தப் பரிசோதனை தேடுவதே இல்லை. கிளையையும் சொல்லாது. கிளையைக் கண்டறிவது இன்றைக்கு ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது.

16 அல்லது 18 பாசிட்டிவ் என்றால், கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபி என்ற பரிசோதனைக்கு மருத்துவர் நேரடியாக அனுப்புவார். மூன்றாவது வரி மட்டும் பாசிட்டிவ் என்றால் முதலில் பாப் பரிசோதனை, அல்லது சில மாதம் கழித்து மறுபடியும் டெஸ்ட் என்று போகலாம். பாசிட்டிவ் என்பது வைரஸ் இருக்கிறது என்ற செய்தி, புற்றுநோய் இருக்கிறது என்ற செய்தி அல்ல. இரவெல்லாம் அழுது தீர்க்க வேண்டாம், மருத்துவர் சொன்ன தேதியில் போய் நின்றால் போதும். கணவர்மீது சந்தேகப்படவும் வேண்டாம். எப்போதோ வந்த தொற்று ஆண்டுக்கணக்கில் அடங்கியிருந்துவிட்டு இப்போது தென்படலாம்.

டிஎன்ஏ பரிசோதனை இல்லாத இடத்திலும் வழி இருக்கிறது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று வெறும் கண்ணால் பார்ப்பது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கி 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். இந்தப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், மற்ற ஊர்களோடு ஒப்பிட, கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. செவிலியர்களே செய்த பரிசோதனை அது.

## தடுப்பூசி எதைப் பார்க்கிறது

தடுப்பூசியில் வைரஸின் டிஎன்ஏ கிடையாது. எல்1 புரதத்தை மட்டும் தனியே தயாரித்தால், அது தானாகவே கூடி வைரஸின் மேலோடு போன்ற வெற்று உருண்டையாகிவிடும். தடுப்பூசியில் இருப்பது அந்த உருண்டைதான். உள்ளே ஒன்றும் இல்லாததால் அதனால் தொற்று வர வழியே இல்லை.

எல்1 வகைக்கு வகை வேறு என்பதால், ஒவ்வொரு வகைக்கும் தனி உருண்டை சேர்க்க வேண்டும். புனேயில் தயாராகி 2023-இல் விற்பனைக்கு வந்த செர்வாவாக் தடுப்பூசியில் 6, 11, 16, 18 நான்கும் இருக்கின்றன. ஒன்பது வகைத் தடுப்பூசியில் இவற்றோடு 31, 33, 45, 52, 58 சேர்கின்றன. அதே சமயம், ஒரே வகையின் கிளைகளுக்கு இடையில் எல்1 அதிகம் மாறுவதில்லை. 16-க்கான ஊசி 16-இன் நான்கு கிளைகளையும் தடுக்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்கத் தேவையில்லை. முதல் தடுப்பூசி வந்தது 2006-இல். அன்றிலிருந்து இன்றுவரை 16, 18 இரண்டுக்கும் எதிரான அதன் வேலை குறையவில்லை.

தொற்று வருவதற்கு முன்பே போட வேண்டும் என்பதால் 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு உலக சுகாதார அமைப்பு இதை முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. 2022 முதல் ஒரே தவணையும் போதும் என்று ஏற்றுக்கொண்டது. அந்த முடிவுக்கு உதவிய சான்றுகளில் ஒன்று இந்தியாவிலிருந்து போனது. 2009-இல் இங்கே பல ஊர்களில், திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை உட்பட, ஓர் ஆய்வு தொடங்கியது. இரண்டு தவணைக்கும் மூன்று தவணைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பதுதான் நோக்கம். 2010-இல் அரசு ஊசி போடுவதை நிறுத்தச் சொன்னதால் ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு ஒரு தவணையோடு நின்றுபோனது. ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். 16, 18 தொற்று தங்கிவிடாமல் தடுப்பதில் ஒரு தவணை போட்டவர்களுக்கும் மூன்று தவணை போட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

35, 39, 51, 56, 59 ஆகிய வகைகள் இன்று நம்மிடம் கிடைக்கும் எந்த ஊசியிலும் இல்லை. அதனால் சிறுவயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்ணும் 30 வயதானதும் பரிசோதனைக்குப் போக வேண்டும். டிஎன்ஏ பரிசோதனை என்றால் ஐந்திலிருந்து பத்து ஆண்டுக்கு ஒருமுறை போதும். எச்ஐவி உள்ளவர்கள் மட்டும் 25 வயதிலேயே தொடங்கி, இன்னும் அடிக்கடி செய்துகொள்ள வேண்டும்.